வீட்டுக்குள் எங்கிருந்தோ வரும் நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனைத் தனிவீடானாலும் வெள்ளவத்தைத் தொடர்மாடியானாலும், காரணம் பிடிபடாத நாற்றத்தைப் பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதல் மூன்று பதில்களையும் கட்டாயம் வாசித்துவிட்டு உங்களுக்கு வேண்டியதற்குப் போங்கள். காஸும் கரன்ட்டும் அவற்றில்தான் வருகின்றன.

வீட்டுக்குள்ள ஒரு நாத்தம் வருது, எங்க இருந்தெண்டே பிடிபடேல்ல. முதல்ல என்ன செய்யிறது?

காஸ் மணமா, கருகல் மணமா (கரன்ட் சூடேறினால் மீன் மணம் போலவும் வரும்) என்பதை முதலில் தீர்மானியுங்கள். இரண்டில் ஒன்றென்றால் அடுத்த இரண்டு பதில்களுக்கு உடனே போங்கள். இரண்டும் இல்லையென்றால் அவசரமில்லை. ஆனால் வாசனை ஸ்ப்ரே அடிப்பதையும் சாம்பிராணி போடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். நாற்றம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம், அதை மூடிவிட்டுத் தேட முடியாது.

ஒரே நாற்றத்துக்குள் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். அதனால் கதவு யன்னலை எல்லாம் சாத்திவிட்டு அரை மணி நேரம் வெளியே போங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் இழுக்கும் முதல் நாலைந்து மூச்சுத்தான் நம்பத்தக்கவை. அறை அறையாகப் போய், நிலத்தருகே குனிந்தும், இடுப்பளவிலும், கதிரையில் ஏறிச் சீலிங் அருகிலும் முகர்ந்து பாருங்கள்.

எங்கே என்பதைவிட எப்போது என்பதுதான் பல வேளை விடையைத் தரும். ஒரு தாளில் நேரத்தைக் குறியுங்கள்: மழையா வெயிலா, யார் குளித்தார்கள், மேல்மாடியில் தண்ணீர் திறந்தார்களா, ஏசி ஓடியதா. மூன்று நாலு நாள் குறிப்பில் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த ஒழுங்கை வைத்தே சொல்லப்பட்டவை.

காஸ் மணம் மாதிரி இருக்கு, ஆனா அடுப்பு ஓஃப். பயப்பட வேணுமா?

வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. அது மேலே போகாமல் நிலத்தோடு பரவி, மூலைகளிலும் கீழ்த்தட்டு அலுமாரிகளிலும் தேங்கும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு யன்னல்களைத் திறவுங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், பிரிட்ஜ் ப்ளக்கை இழுக்கவும் வேண்டாம். மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தால் வெளியே வந்த பிறகு தீயணைப்புப் படைக்கு 110 அழையுங்கள்.

மணம் இலேசாக இருந்து, வீடு காற்றாடிய பிறகு, சவர்க்கார நுரையால் சோதிக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி கலந்து, பழைய பிரஷால் சிலிண்டர் வால்வின் கழுத்து, ரெகுலேட்டர், டியூபின் இரண்டு முனைகள், அடுப்பின் குமிழ்கள் என்று தடவுங்கள். குமிழி எழும்பும் இடம் கசிகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. டியூபை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும், இரண்டு வருடம் கடந்திருந்தாலும் மாற்றுங்கள்.

காஸுக்குத் தன் மணமென்று ஒன்று பெரிதாக இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்தபோது, அது போதிய அளவு சேர்க்கப்படுகிறதா என்பதும் பெரிய பேச்சாக இருந்தது. சிலிண்டர் முடியும் தறுவாயில் அந்த மணம் செறிந்து தெரிவது இயல்பு. ஆனாலும் நுரைச் சோதனையைச் செய்யாமல் 'அதுதான்' என்று விட்டுவிடாதீர்கள்.

மீன் மணம் வருது. வீட்டில ஒரு கிழமையா மீனே சமைக்கேல்ல.

சொக்கெட், சுவிட்ச், பல்ப் ஹோல்டர் போன்றவற்றில் உள்ள சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் மணமோ மூத்திர மணமோ அடிக்கும். புகை வருவதற்கு வெகு முன்பே இந்த மணம் வரும், ஆகையால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். கீசர், கேத்தல், அயன், ரைஸ் குக்கர், ஏசி ஆகியவற்றின் ப்ளக்குகளையே முதலில் சந்தேகியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சொக்கெட்டையும் பாருங்கள். துளையைச் சுற்றி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், ப்ளக்கின் ஒரு கால் கறுத்திருந்தால், இடம் அதுதான்.

மூன்று துளைச் சொக்கெட்டின் மேல் துளையில் பேனையைக் குத்தி, இரண்டு கால் ப்ளக்கைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. கால் உள்ளே இறுக்கமாகப் பிடிபடாது. தொடுகை தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். கறுத்த சொக்கெட்டைத் துடைத்துத் திரும்பப் பாவிக்க முடியாது. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சொக்கெட்டை மாற்றி, கருகிய வயர் நுனியை வெட்டி, புதிதாக இறுக்க வேண்டும்.

பாத்ரூமில இருந்துதான் வருது போல. கழுவிக் கழுவிக் களைச்சுப் போனம்.

தரையைக் கழுவுவதால் இது போகாது, ஏனென்றால் நாற்றம் தரையில் இல்லை. வீட்டின் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. பாவிக்காத குளியலறையில் மூன்று நாலு கிழமையில் அது வற்றிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் 25 நாளும் நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தால் வரும் நாற்றம் பெரும்பாலும் இதுதான். விருந்தினர் குளியலறை, பல்கனி வடிகால், வேலையாள் மலசலகூடம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வீட்டைப் பூட்டுவதென்றால் அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் ஆவியாவது மட்டுப்படும்.

தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லையா? தரை வடிகாலின் சல்லடை மூடியைத் தூக்குங்கள். பல வகைகளில் அதன் கீழே கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று இருக்கும். மயிர் அடைத்துத் தண்ணீர் போகவில்லை என்று யாராவது அதைக் கழற்றியெறிந்திருப்பார்கள். அது இல்லாத வடிகால் திறந்த குழாய்தான். அதே அளவுக் கிண்ணம் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோக முடியாவிட்டால் வாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

தண்ணி ஊத்தினா ரெண்டு நாள் நல்லா இருக்கு, பிறகு திரும்ப நாறுது. ஏன்?

இரண்டு நாளில் தானாக வற்றாது, யாரோ உறிஞ்சுகிறார்கள். கொமட்டை ப்ளஷ் பண்ணும்போது பேசினிலோ தரை வடிகாலிலோ 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறதா? தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாய்க்குள் காற்று வேண்டும். கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாய் வழியாக அது வர வேண்டும். அந்தக் குழாய் காகக் கூட்டாலோ குளவிக் கூட்டாலோ அடைத்திருந்தால், காற்றை உங்கள் வளைவு வழியாக இழுக்கும். கூடவே தண்ணீரும் போய்விடும்.

பழைய வீட்டைப் பிரித்து அனெக்ஸ் கட்டிய இடங்களில் காற்றுக் குழாயே இருக்காது. புதுக் குளியலறையை அருகில் ஓடிய குழாயோடு பொருத்திவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே எத்தனை போத்தல் மருந்து ஊற்றினாலும் பலனில்லை. காற்றுக் குழாய் ஒன்று ஏற்றித்தான் ஆக வேண்டும். சத்தமே இல்லாமல் தண்ணீர் குறைந்தால் வளைவு வெடித்துக் கசிகிறது என்று கொள்ளுங்கள். கீழ்வீட்டுச் சீலிங்கில் கறை தெரியும்.

கொமட்டைச் சுத்தித்தான் நாறுது, உள்ளுக்குத் துப்புரவா இருக்கு.

அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைச் சீமெந்தால் தரையோடு ஒட்டியிருப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கீழேயுள்ள இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அசையாவிட்டாலும் சுற்றிவரத் துடைத்துக் காயவிட்டு, டிஷூவை வளையமாக வைத்து, கொமட்டுக்குள் கேசரி நிறம் கொஞ்சம் கரைத்து மூன்று நாலு முறை ப்ளஷ் பண்ணுங்கள். டிஷூவில் நிறம் ஊறினால் கசிவு உறுதி.

மேலால் சீமெந்து பூசுவது கசிவை மறைக்கும், நிறுத்தாது. கொமட்டைத் தூக்கி, பழைய சீமெந்தைச் சுரண்டி, புது ரப்பர் இணைப்புப் போட்டு இருத்த வேண்டும். சுற்றிவர சிலிக்கோன் பூசும்போது பின்பக்கம் இரண்டு விரல் அளவு விட்டுவிடச் சொல்லுங்கள். மறுபடி கசிந்தால் அந்த இடைவெளியில் தெரியும்.

சிங்க்குக்குக் கீழ நாத்தம் தாங்க ஏலாம இருக்கு. கொதிதண்ணி ஊத்தலாமா?

கொதிதண்ணீர் வேண்டாம். பீ.வீ.சீ. குழாய் அந்தச் சூட்டில் இளகும், பொருத்துகள் நெளிந்து கசியும். சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் வடிப்பதும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள்.

தேங்காய்ப்பால், கஞ்சி, மீன் கழுவிய தண்ணீர் மூன்றும் சேர்ந்து வளைவின் சுவரில் சாம்பல் நிறக் கொழுப்பாகப் படியும். கீழே வாளியை வைத்து, போத்தல் வடிவ வளைவைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். வொஷரைத் தவறவிடாமல் திரும்பப் போடுங்கள். சில வீடுகளில் வளைவுக்குப் பதிலாகச் சுருள் குழாயை நேரே சுவர்க் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். அந்தச் சுற்று இடைவெளியால்தான் நாற்றம் வரும். ரப்பர் கொலர் போட்டு அடைத்து, சுருள் குழாயை மேலே வளைத்துக் கட்டி, தண்ணீர் தேங்க விடுங்கள். வொஷிங் மெஷின் குழாய்க்கும் இதே வைத்தியம்.

ஒரு எச்சரிக்கை: ப்ளீச்சோடு வினாகிரியையோ அசிட் வகைக் கழுவிகளையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். முதல் நாள் ஒன்றும் மறுநாள் மற்றதும் ஊற்றினாலும், அடைத்த குழாய்க்குள் இரண்டும் சந்திக்கும்.

ஏசி போட்டாத்தான் நாறுது.

எந்த மாதிரி நாற்றம்? ஈரச் சொக்ஸ் மாதிரி என்றால் உள்ளே பூஞ்சணம். வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள், கொயிலையும் தண்ணீர்த் தட்டையும் சேர்விஸில் கழுவச் சொல்லுங்கள். அணைக்குமுன் கால் மணி நேரம் பேன் மட்டும் ஓட விட்டால் உள்ளே காயும்.

கக்கூசு நாற்றம் என்றால் வேறு கதை. ஏசியின் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோய்க் கழிவுக் குழாயோடு நேரே பொருத்தியிருப்பார்கள். ஏசி ஓடும்போது அந்தக் காற்றை அறைக்குள் இழுக்கும். குழாய் எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். திறந்த வெளியிலோ, தண்ணீர் நிற்கும் வடிகாலின் மேலே கொஞ்சம் இடைவெளி விட்டோ முடிய வேண்டும்.

மழை பெய்தா மட்டும் வருது.

கொழும்பு நகர எல்லைக்குள் பெரும்பாலான இடங்களின் கழிவுநீர் மாநகர சபையின் நிலத்தடிக் குழாய்களுக்குப் போகிறது. அவற்றில் ஒரு பகுதி நூறு வருடத்துக்கு மேல் பழையது. கூரைத் தண்ணீரையும் சட்டவிரோதமாக அதோடு சேர்த்துவிடுகிறார்கள். பெருமழைக்குக் குழாய் நிரம்பும்போது உள்ளே இருந்த காற்று வீடுகளின் வளைவுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முற்றத்து மேன்ஹோல் மூடியின் விளிம்பையும் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றி, ஓரத்துக்குக் கிறீஸ் பூசி மூடலாம்.

நகரத்துக்கு வெளியே குழித்தாங்கி உள்ள வீடுகளில், மழைக்கு நிலத்தடி நீர் உயர்ந்து ஊறுகுழி வாங்காமல் போகும். கலி பவுசரைக் கூப்பிட்டு எடுத்தும் ஒரு கிழமையில் திரும்ப நிரம்பினால், பிழை தாங்கியில் இல்லை, ஊறுகுழியில். எக்காரணம் கொண்டும் யாரையும் குழிக்குள் இறங்க விடாதீர்கள். அழுகிய முட்டை மணமுள்ள அந்த வாயு செறிந்தால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டதென்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கி விழுவார்.

வெளியில இருந்து வருதோ உள்ளுக்க இருந்து வருதோ எண்டு எப்படித் தெரியும்?

எல்லா யன்னலையும் ஒரு மணி நேரம் பூட்டி வையுங்கள். நாற்றம் கூடினால் உள்ளே, குறைந்தால் வெளியே. பிறகு காற்றுத் திசையைப் பாருங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை காற்று கடற்பக்கமிருந்து வீசும். டிசம்பர், ஜனவரியில் தரைப்பக்கமிருந்து வரும்போது வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களின் நாற்றம் அதுவரை தெரியாத வீட்டுக்கும் எட்டும். பக்கத்துக் காணியின் குப்பையோ வழியும் மேன்ஹோலோ காரணமென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். நாள், நேரம் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

எலி செத்திருக்கும் எண்டு நினைக்கிறம். எங்கயெண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இனிப்பும் அழுகலும் கலந்த கனமான நாற்றம், நாளுக்கு நாள் ஏறி, பிறகு இறங்கும். சுண்டெலி என்றால் ஒரு கிழமை, பத்து நாள். பெரிய எலி என்றால் இரண்டு மூன்று கிழமை, மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். அறைகளைத் தனித்தனியே ஒரு மணி நேரம் பூட்டிவைத்துத் திறந்து முகர்ந்தால் எந்த அறை என்று தெரியும். பச்சையும் நீலமுமாக மினுங்கும் பெரிய ஈக்கள் திடீரென்று வந்தால் அவை எங்கே மொய்க்கின்றன என்று பாருங்கள். பிரிட்ஜின் பின்புறம் மோட்டாரடி, அடுப்புக்குக் கீழ், புத்தக அலுமாரியின் பின், சீலிங் விளிம்பு, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் துளை என்று, சூடும் இருட்டும் உள்ள இடங்களில் தேடுங்கள்.

எடுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். எலிக்காய்ச்சல் இந்த நாட்டில் லேசான வருத்தமில்லை. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து முதலில் நனைத்து, பத்து நிமிடம் விட்டு, இரட்டைப் பையில் கட்டுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் உடைக்கவோ துளைக்கவோ கூடாது, பிடித்திருக்கும் சட்டத்தைக் கழற்றித் தகட்டை முழுதாக இறக்குங்கள். எலி மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பதை நம்பாதீர்கள். சுவருக்குள்ளேயும் சாகும். பொறி வையுங்கள்.

அதற்குமுன் ஒருமுறை உருளைக்கிழங்குக் கூடையைக் கொட்டிப் பாருங்கள். அடியில் அழுகிய ஒரே ஒரு கிழங்கு செத்த எலிக்குச் சமமாக நாறும்.

இரவில சீலிங்கில இருந்து ரம்பை மணம், பகலில மூத்திர நாத்தம்.

மரநாய். அதன் உடல் மணம் ரம்பை இலை போலவே இருக்கும். ஒரே மூலையில் திரும்பத் திரும்பக் கழிப்பதால் சீலிங்கில் மஞ்சள் கறை விழும். இரவு அது இரைதேடி வெளியே போன பிறகு, உள்ளே குட்டி இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, கூரைவிளிம்பு இடைவெளியைக் கம்பிவலையால் அடையுங்கள். யன்னலை உரசும் மாமரக் கிளையையும் வெட்டுங்கள்.

தண்ணிதான் நாறுது எண்டு நினைக்கிறன்.

ஒரு கிளாஸில் பிடித்து, வேறு அறைக்குக் கொண்டுபோய் முகருங்கள். அங்கே மணம் இல்லையென்றால் நாறுவது தண்ணீரல்ல, பேசின் வடிகால். சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை மணம் என்றால் கீசருக்குள் உள்ள மக்னீசியம் கம்பியும் பக்டீரியாவும் சேர்ந்த வேலை. கீசரை முழுதாக வடித்துக் கழுவி, அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கு மாற்றலாம். எல்லாக் குழாயிலும் மணம் என்றால் மேல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி விலகிய தாங்கிக்குள் பல்லியும் குருவியும் விழும். பார்த்து முடியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

அலுமாரி திறந்தா பூஞ்சண நாத்தம். சேலையெல்லாம் அதே மணம்.

அலுமாரியின் பின்சுவர் வெளிச்சுவரா, குளியலறைச் சுவரா? அரைச்சாண் தள்ளி வைத்து, சுவரில் ஒரு முழச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது: குழாய்க் கசிவையோ வெளிப்பூச்சு வெடிப்பையோ தேடுங்கள். வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம்: காற்றோட்டம் கொடுத்தால் போதும். பூச்சி உருண்டை ஈரத்தை எடுக்காது.

தொடர்மாடியில இருக்கிறம். பக்கத்து வீட்டுச் சமையலும் சிகரெட்டும் கக்கூசு நாத்தமும் சேர்ந்து வருது.

குழாய்கள் போகும் பொது டக்ட் வழியாக வருகிறது. யன்னலெல்லாம் பூட்டிவிட்டு எக்ஸோஸ்ட் பேனைப் போட்டால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக டக்ட்டிலிருந்தும் வடிகாலிலிருந்தும் காற்று உள்ளே வரும். பேனை அணைத்ததும் நாற்றம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஒரு யன்னலைத் திறந்து வைத்துப் பேனைப் போடுங்கள். காஸ் சந்தேகம் அறவே இல்லையென்றால், பேன் ஓடும்போது ஊதுபத்தியை வடிகால், சிங்க்கின் கீழ்ச் சுவர்த்துளை, டக்ட் கதவு ஆகியவற்றின் அருகே பிடியுங்கள். புகை அறைக்குள் தள்ளப்படும் இடத்தைச் சிலிக்கோனால் அடையுங்கள். டக்ட்டுக்குள் குழாய் உடைந்திருந்தால் அது பொதுச் சொத்து, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் திருத்த வேண்டும்.

எனக்கு மட்டும்தான் மணக்குது. வீட்டில ஒருத்தரும் நம்பினமில்ல.

முதலில் அவர்களை வெளியே அனுப்பித் திரும்ப வரச் சொல்லுங்கள், மூக்கு பழகியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு மணம் கூடுதலாகத் தெரியும். பஸ்ஸிலும் ஒஃபீஸிலும் அதே நாற்றம் வந்தால் அது வீட்டின் பிரச்சினையல்ல. பீனிசம், பல் சொத்தை, கோவிட் போன்ற தொற்று ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு. காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு. மேசன் பாஸ் வந்து டைல்ஸை உடைக்க வேணும் எண்டு சொல்றார்.

உடைக்க முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா வளைவுகளிலும் தண்ணீர் நிரப்பி, யன்னல்களைப் பூட்டுங்கள். ஒருவர் கூரையில் ஏறி, காற்றுக் குழாய்க்குள் 50 மில்லிலீற்றர் பெப்பர்மின்ட் எண்ணெயும் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வாயைத் துணியால் அடைக்க வேண்டும். ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது, அவர் கையிலும் உடுப்பிலும் உள்ள மணம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உள்ளே காத்திருக்கும் வேறொருவர் கால் மணி நேரம் அறை அறையாக முகர்ந்து, பெப்பர்மின்ட் மணம் எங்கே வருகிறதோ அங்கே சோக்கால் குறிக்கட்டும். குறி விழுந்த இடத்து டைலை மட்டும் உடைத்தால் போதும். ஒரு இடத்திலும் மணக்கவில்லையென்றால், அந்தக் காற்றுக் குழாயோடு சேர்ந்த குழாய்களில் பெரும்பாலும் பிழையில்லை. கூலியைக் கொடுத்து பாஸை அனுப்பிவிட்டு, ஈரச் சுவரையும் சீலிங்கையும் திரும்பப் பாருங்கள்.